ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாரா சாகவில்லை

சினிமாவில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், எந்த நடிகையை நேரில் பார்த்தீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் நடிகையையும் பார்த்ததில்லை, படத்தையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. படம் பார்க்கிறவர்களைப் பார்ப்பதுதான் என் வேலை. புதுப்படம் போடும் தியேட்டரில் விநியோகஸ்தரின் ஆளாக ஒருவன் நிற்பான். அவனை ரெப் என்பார்கள். சேலம், நாமக்கல், தர்மபுரி வட்டாரமெல்லாம் சேர்த்து சினிமாக்காரர்களுக்கு ஒரே ஏரியா. அந்த ஏரியாவில் நான் ரெப்பாகவே தலை நரைத்தவன்.

தொடக்கத்தில் பிலிம் ரீல்கள் அடங்கிய படப்பெட்டி தூக்கினேன். கெங்கவல்லிக்கும் இளம்பிள்ளைக்கும் பஸ் கூரையில் பெட்டியை ஏற்றிக்கொண்டு அலைந்ததில் சில வருடங்கள் போயின. அதில் சொல்வதற்குத் தோள்வலியைத் தவிர ஒன்றுமில்லை. டிஜிட்டல் வந்து பெட்டிகள் ஒழிந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது மகனின் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். போன மாதம் நாமக்கல்லிலிருந்து கோகிலா போன் செய்திராவிட்டால் இதையெல்லாம் எழுதவும் வந்திருக்க மாட்டேன்.

கோகிலா என் பழைய சிநேகிதரின் மகள். அவர் மேனேஜராக இருந்த தியேட்டரில் இப்போது அவள்தான் மேனேஜர்.

"மாமா, நாளைக்குக் காலைக் காட்சிக்கு நீங்க வரோணுமுங்க. அந்த விண்வெளிப் படத்தோட முன்கதை வருதல்லங்க, வெளிநாட்டுல பாத்தவங்க பாதிப்பேரு ஆகா ஓகோங்கறாங்க, பாதிப்பேரு தூங்கிட்டேங்கறாங்க. எத நம்பறதுன்னே தெரியலீங்க. நம்ம சனத்துக்கு எப்படின்னு நீங்க பாத்துச் சொன்னீங்கன்னா, சாயங்காலம் பெரிய ஸ்கிரீன்ல வெக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்குவேன்."

இந்தக் காலத்தில் டைட்டில் ஓடி முடிவதற்குள் செல்போனில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அத்தனை தீர்ப்பையும் படித்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறாளே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. "வாரேன் கண்ணு" என்றேன். அவள் கூப்பிடாவிட்டாலும் நான் போகத்தான் இருந்தேன். அந்தப் படத்துக்காக என்னைவிட ஆவலாக ஒருவர் காத்திருந்தார். அவருக்கு மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்ததும் நான்தான்.

அது யார் என்று சொல்ல வேண்டுமானால் என் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லசாமி என்று பெயர். போனை எடுத்தால் அலோ சொல்ல மாட்டார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நாம்தான் ஆரம்பிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "படம் நல்லாயிருக்குதுங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். "உன்ற அபிப்பிராயத்த உன்ற ஊட்டுல போயிச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டார். அவருக்கு வேண்டியது மூன்றே விஷயம். சனம் எப்போது எழுந்தது, எங்கே சிரித்தது, வெளியே வந்ததும் முதல் வார்த்தையாக என்ன சொன்னது. நல்ல படம், மோசமான படம் என்ற பேச்சே எங்கள் ஆபீசில் கிடையாது.

இதற்கு நிற்க ஓர் இடம் உண்டு. திரையை ஒட்டிய வலது பக்கக் கதவருகில், திரைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். திரை வெளிச்சம் முகங்களில் விழும். ஒருவர் இருமினால் அவருக்குச் சளி, நாலாப் பக்கமும் இருமினால் படத்துக்குச் சளி. இடைவேளையில் போண்டாக் கடைப் பக்கம் போகக்கூடாது, அங்கே பசிதான் பேசும். படம் விட்டதும் வண்டி ஸ்டாண்டுக்கு ஓடிவிட வேண்டும். வண்டியின் பூட்டைத் திறக்கும்போது ஒரு மனிதன் சொல்வது அவன் மனதிலிருந்து வருவது. என் அனுபவத்தில் அது பொய்த்ததே இல்லை.

சனம் நெளிகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை வெட்டுவதும் அந்நாளில் வழக்கம். பாட்டை எடுப்பார்கள், சண்டையைக் குறைப்பார்கள். டைரக்டருக்குத் தெரியவே தெரியாது. ஏரியாவுக்கு ஏரியா படம் கொஞ்சம் மாறித்தான் ஓடியது. ஆனால் எங்கள் முதலாளி தானே வந்து உட்கார்ந்து பார்க்காமல் ஓர் அடி பிலிமைக்கூட வெட்ட விட மாட்டார். அந்த விஷயத்தில் அவரை மிஞ்சிய கறார்ப் பேர்வழியை நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகள், கவிதா. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அதோடு அந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்வதும் நின்றுவிட்டது. முதலாளியின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா வாசலைத் தாண்டுவதை நிறுத்தினார். யாராவது ஞாபகப்படுத்தினால்தான் சாப்பிடுவார்.

அதற்கு அடுத்த வருடம் வந்ததுதான் அந்த விண்வெளிப் படம். ஒரு விஞ்ஞானி, அவருடைய சின்னஞ்சிறு மகள் தாரா. தாராவை வேறொரு கிரகத்துக்குக் கலத்தில் அனுப்புகிறார்கள். தொடர்பு அறுந்துபோகிறது. அப்பன் பைத்தியமாக அலைகிறான். முடிவில் கலம் கடலில் வந்து விழுகிறது, கதவு திறக்கிறது, தாரா இறங்கி ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு ஒரே ஒரு ரீல். வந்திருப்பது தாரா இல்லை, அந்தக் கிரகம் அவளைப் போலவே செய்து அனுப்பிய வேறொன்று, உண்மையான மகள் அங்கேயே செத்துவிட்டாள் என்று அப்பனுக்குத் தெரிகிறது. தெரிந்தும் அதை உட்காரவைத்துச் சோறு போடுகிறான். அத்தோடு படம் முடிகிறது.

முதல் நாள் காலைக் காட்சியில், இதே நாமக்கல் தியேட்டரில், நான் கதவருகே நின்றேன். கடைசி ரீலில் ஒருவரும் இருமவில்லை. ஒருவரும் கை தட்டவுமில்லை. வெளியே வந்தும் பேச்சில்லை. வண்டி ஸ்டாண்டில் ஒரு லாரி டிரைவர் பைக்கைக் கிளப்பாமல் நின்று, "பாப்பாளுக்கு ஒரு போனப் போடோணும்" என்றார். இந்தப் படம் ஓடும் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. உற்சாகமாக முதலாளிக்குப் போன் செய்து கதையைச் சொன்னேன், முடிவைச் சொன்னேன், லாரி டிரைவர் சொன்னதைச் சொன்னேன்.

மூச்சுச் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு, "கடைசி ரீலக் கழட்டச் சொல்லு" என்றார்.

"ஏனுங்க முதலாளி, அதுதானுங்க படமே!"

"கட்டிப் புடிச்ச எடத்துல தெரைய மூடச் சொல்லு. ஏரியா பூராத்துக்கும் சொல்லீரு."

"நீங்க வந்து ஒருக்கா பாத்துப்போட்டு..."

"சொன்னதச் செய்யப்பா."

எனக்குத் திகைப்பு அடங்கவில்லை. பார்க்காமல் வெட்டாத மனிதர், ஒரு படத்தின் தலையையே பார்க்காமல் வெட்டச் சொல்கிறார். சாயங்காலம் அதற்கு விடை கிடைத்தது. காரிலிருந்து முதலாளி இறங்கினார், அவருக்குப் பின்னால் அக்கா இறங்கினார். வாசலைத் தாண்டாமல் இருந்தவரை எப்படியோ பேசிக் கூட்டி வந்திருந்தார். படம் விட்டதும் அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் ஈரம், ஆனாலும் சிரிப்பு. "தம்பி, புள்ள ஊட்டுக்கு வந்துட்டா பாத்தீங்களா" என்றார். முதலாளி என்னைப் பார்க்காமல் கார்க் கதவைத் திறந்தார். அதன் பிறகு அந்த ரீலைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் ஊர் திறந்தது. எங்கள் ஏரியா பள்ளிபாளையம் காவிரிப் பாலத்தோடு முடிகிறது. பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அது கோவை ஏரியா, அங்கே வேறு விநியோகஸ்தர், முழுப் படமும் ஓடியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாரா செத்துப்போனாள், இந்தப் பக்கம் உயிரோடு வந்துவிட்டாள். இரண்டு கரைக்காரர்களும் ஒரே தறிப்பட்டறையில் வேலை செய்கிறவர்கள். செத்தாள், சாகவில்லை என்று டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிபாளையம் தியேட்டர்காரர் அழாத குறையாக முதலாளிக்குப் போன் போட்டார். "பாலத்துக்கு அக்கட்ட நடக்கறதுக்கு நான் பொறுப்பில்லீங்க" என்று வைத்துவிட்டார் முதலாளி.

பிற்பாடு அந்தப் படம் டிவியில் முழுசாக வந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் அதையும் நம்பவில்லை, டிவிக்காரன் எதையோ ஒட்டிவிட்டான் என்றார்கள். தியேட்டரில் பார்த்ததுதான் படம் என்பது அவர்கள் கட்சி. டிவியில் அது வரும் நாளில் முதலாளி வீட்டில் மட்டும் கரண்ட் இருக்காது. அவரே நைசாகப் போய் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார். அவர் காலமான பிறகு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கேபிள்காரரைக் கெஞ்சி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் லைனைத் துண்டிக்கச் சொல்வேன். என்ன நினைத்தாரோ, சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார்.

அக்கா அந்தப் படத்துக்குப் பிறகுதான் மெல்ல மெல்லத் தேறினார். சாப்பிட்டார், அக்கம்பக்கம் போனார். அடுத்த படம் எப்போது என்று ஏறக்குறைய இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். முன்கதை வருகிறது என்ற செய்தியை நான்தான் சொன்னேன். "அடுத்த பாகம் இல்லீங்கக்கா, இது அதுக்கு முந்தின கதைங்க" என்று விளக்கினேன். "தெரியுமுங்க தம்பி" என்றார். டிரெய்லரில் தாரா ஓடுகிறாள், விளையாடுகிறாள், சிரிக்கிறாள். ஒப்பாரி ஏதுமில்லை. தைரியமாக டிக்கெட் எடுத்தேன்.

காலைக் காட்சிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் இளவட்டங்கள். பின்னால், முதல் படத்தைக் கல்யாணமான புதிதில் பார்த்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். நான் என் பழைய கதவருகில் நின்றேன். படம் தொடங்கியது. பின்வரிசை முகங்கள் ஒரே நேரத்தில் மாறின. அப்படி ஒரு மாற்றத்தை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. வாய்கள் திறந்தபடி நின்றுவிட்டன. விதியை மீறித் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

செம்மண் தரை. சின்ன மேடு ஒன்று. விண்வெளி உடை போட்ட ஒருவர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அதன் மேல் ஒரு குழந்தையின் தலைக்கவசத்தை வைக்கிறார். அதில் தாரா என்று எழுதியிருக்கிறது.

இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். அவர்கள் முழுப் படத்தையும் செல்போனில் பார்த்தவர்கள், அவர்களுக்குத் தாரா செத்தது பழைய சங்கதி. பின்னால் ஒருவர் எழுந்து நின்று புரொஜெக்டர் அறையைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ் ஆபரேட்டரு! கடைசி ரீல மொதல்ல போட்டுட்டியா?"

"ரீலெல்லாம் இல்லீங்க இப்ப" என்று யாரோ சொன்னார்கள்.

"அப்பறம் ஏனுங்க புள்ளயப் பொதைக்கறாங்க? அது ஊட்டுக்கு வந்துருச்சல்ல?"

"அது மொதப் படத்துலயே செத்துப்போச்சுங்க" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

"யாருக்குடா கத சொல்ற? இதே தியேட்டருல பாத்தவன்டா நானு!"

கோகிலா ஓடிவந்து விளக்கைப் போட்டு, சமாதானம் சொல்லி, மறுபடி அணைத்தாள். ஓர் அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு படம் பின்னோக்கிப் போனது. தாரா சிறு பெண்ணாக வந்தாள். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள், அப்பன் குனிந்து சரிசெய்தான், அவள் மறுபடி மாற்றிக்கொண்டாள். இளவட்டங்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு பல் தெரியவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு சாதிப் படம் ஓடுவதை அன்றுதான் கண்டேன்.

நான் வெளியே ஓடி அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. படம் முடிவதற்குள் நான் அரங்கத்தை விட்டு வெளியேறியது அதுதான் முதல் தடவை.

படம் விட்டது. வண்டி ஸ்டாண்டில், "இது படமா எழவு ஊடா?" என்றார் கத்திய மனிதர். அவருக்குப் பக்கத்திலேயே கண் சிவந்த ஒரு பையன், "இன்னொருக்கா பாக்கோணும்டா" என்றான். கோகிலா திணறிப்போய் என்னிடம் வந்தாள். கடைசி ரீல் கதையைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க மாமா, அப்ப நம்ம ஊருல பாதிப்பேருக்கு அந்தப் புள்ள செத்ததே இன்னைக்குத்தான் தெரியுமா?"

"ஆமா சாமி. மதியக் காட்சிக்கு வரப்போற ஒருத்தருக்கும்."

சொல்லி வாயை மூடவில்லை, ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினார். புதுச்சேலை கட்டியிருந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அக்கா, வேண்டாமுங்க. படம் மோசமுங்க. தலைவலிதான் மிச்சம். வாங்க, ஊட்டுல கொண்டுபோயி உடறேன்."

அக்கா என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "தம்பி, உங்க முதலாளிக்கு நீங்க போன்ல சொன்னத எத்தனையோ நாளு பக்கத்துல உக்காந்து கேட்டவ நானு. எப்ப எந்திரிச்சாங்க, எங்க சிரிச்சாங்கம்பீங்க. ஒருக்காவாச்சும் மோசமுன்னு சொல்லியிருக்கீங்களா?"

கையிலிருந்த அவருடைய டிக்கெட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

"மொதல்லயே புள்ளயப் பொதைக்கறாங்களாமா. ஆட்டோக்காரத் தம்பி சொல்லிட்டாரு."

"அக்கா..."

"எனக்குப் புதுசில்லீங்க தம்பி. அவ செத்தது அப்பவே தெரியும்."

தியேட்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"படம் பாத்த அடுத்த வாரம் ஈரோட்டுல எங்க பெரியக்கா ஊட்டுக்குப் போனனல்லங்க. இன்னொருக்கா பாக்கோணும்னு நாந்தான் அவள இழுத்துட்டுப் போனேன். அங்க முழுசாக் காமிச்சுட்டாங்க. திரும்பி வரயில பாலத்து மேல பஸ்ஸு நின்னுபோச்சு. கீழ தண்ணியப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். எனக்காகத்தான் இந்த மனுசன் வெட்டியிருக்காருன்னு அங்கதான் புரிஞ்சுது. ஊட்டுக்கு வந்தா வாசல்லயே நிக்கறாரு. என்ற மொகத்தவே பாக்கறாரு. நீங்க தியேட்டருல நின்னு பாப்பீங்களே, அந்த மாதிரி. நான் சிரிச்சுட்டு, பசிக்குதுங்கன்னேன்."

"அப்பறம் அந்தப் பீஸ் கட்டை..."

"புடுங்கற சத்தம் எனக்குக் கேக்காதுங்களா? இருட்டுல விசிறிட்டே உக்காந்திருப்பேன். அவரு போனதுக்கப்பறம் கேபிளு போறது உங்க வேலைன்னும் தெரியும்."

இத்தனை வருடம் ஓர் ஏரியா முழுவதையும் ஏமாற்றிக் காப்பாற்றிய ரகசியம், யாருக்காகக் காப்பாற்றினோமோ அவருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தெரிஞ்சும் ஏனுங்கக்கா இந்தப் படத்துக்கு இத்தன வருசம் காத்துட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"இது முந்தின கதைன்னு நீங்கதான சொன்னீங்க" என்றார் அக்கா. "அப்பன்னா படம் பூரா அவ உசுரோட இருப்பாளல்லங்க. அதப் பாக்கத்தான்."

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். நான் உட்காரவில்லை. கதவருகில், திரைக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஒரு முகத்தை மட்டும் பார்த்தேன். செம்மண் மேடு வந்தபோது அக்கா நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார், கண்ணை மூடவில்லை. பின்வரிசையில் காலையைப் போலவே கூச்சல் கிளம்பியது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாரா ஓடி வந்தாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். திகைத்துப் போயிருந்த அந்தப் பெரியவர்கள் நடுவில் அக்கா மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். இடைவேளையிலும் எழவில்லை.

படம் விட்டது. கோகிலா செல்போனோடு வாசலில் காத்திருந்தாள். அக்கா படியிறங்கி வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கவிதாவும் இப்பிடித்தான் தம்பி. எத்தன தடவ சொன்னாலும் செருப்ப மாத்தித்தான் போட்டுக்குவா."

ஆட்டோ வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"மாமா, பெரிய ஸ்கிரீனா சின்னதா? ரிப்போர்ட்டச் சொல்லுங்க" என்றாள் கோகிலா.

முதலாளிக்குச் சொல்வதுபோலவே சொன்னேன். கடைசி வரை எந்திரிக்கல. செருப்பு மாத்துன எடத்துல சிரிச்சாங்க. வெளிய வந்து மொத வார்த்த, கவிதா.